நனைந்த பிறகும் பற்றுவது

புதிதாக யாரைப் பார்த்தாலும் பெயர் கேட்க மாட்டார் அவர். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்க மாட்டார். "ஏனுங்க, பையில தீப்பெட்டி வெச்சிருக்கீங்களா?" என்றுதான் கேட்பார். பீடிக்கு நெருப்புக் கேட்கிறார் என்று நினைத்துச் சிலர் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு குச்சியை உருவி, தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு முக்கு முக்கி உரசுவார். பற்றாது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது ஊட்டுக்குள்ள வெச்சுக்க சரிங்க. வெளிய போறப்ப இத நம்பிப் போகாதீங்க" என்பார். கொடுத்தவர் முகத்தில் கோபம் வருமா, சிரிப்பு வருமா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை.

என் நடைக் கூட்டத்துக்கு அவர் வந்த முதல் நாளிலேயே என்னிடமும் அதையே கேட்டார்.

என் கூட்டம் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது தனியாக நடக்கப் பிடிக்காமல் நான் சேர்த்த கூட்டம் அது. குன்னூரில் ஒரு தேயிலை ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை. அதனால் சுற்றுவட்டார எஸ்டேட்டுகளில் ஆள் தெரியும், உள்ளே நடக்க அனுமதி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மேரி, பேக்கரி வைத்திருக்கும் சாதிக் பாய், மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், இன்னும் வருவதும் வராததுமாக நாலைந்து பேர். எந்த வழியில் போவது, எங்கே உட்கார்ந்து வர்க்கி தின்பது, எப்போது திரும்புவது, எல்லாம் நான்தான் சொல்வேன். என் பையில் முதலுதவிப் பெட்டி, டார்ச், விசில், கயிறு எல்லாம் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று அவர் என் பையைப் பார்த்தார். "எல்லாம் வெச்சிருக்கீங்க லீடரம்மா. நெருப்புக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"நாங்க யாரும் சிகரெட் குடிக்கிறதில்லைங்க" என்றேன்.

"நானும் குடிக்கறதில்லைங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேரி எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். லீடரம்மா என்று அவர் கூப்பிட்டதில் கேலி இருந்ததாக அன்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒருநாளும் அவர் என்னை வேறு மாதிரி கூப்பிடவில்லை. அதில் கேலி இருந்ததே இல்லை என்பது எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஒல்லியான ஆள். கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருப்பார். அந்த வேலையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை, டீக்கடையில் ஒதுங்கியிருந்தபோது சொன்னார். "கேட்டுல தடவிப் பாத்துத்தான் உள்ள உடுவாங்க. தீப்பெட்டி இருந்துச்சுன்னா வேலை போச்சு. ஆணி வெச்ச செருப்பு ஆகாது. நைலான் துணி ஆகாது. முப்பது வருசத்துக்கு மேல, நெருப்பு எப்படியெல்லாம் வரும், வராம எப்படிப் பாத்துக்கறதுன்னு அதையே படிச்சனுங்க. ரிட்டையர் ஆன அன்னிக்கு கேட்டுக்கு வெளிய வந்ததும் ஆசையா ஒரு தீப்பெட்டி வாங்குனேன். நல்ல மழை. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள நனைஞ்சுபோச்சு. ஒரு குச்சி கூட பத்தலைங்க. வேண்டாம்னா வந்துரும், வேணும்னா வராது, இது என்ன சாமானுடான்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமில்லைங்க."

அதற்குப் பிறகு அவருக்கு இது ஒன்றுதான் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணீர். எந்தப் பொருளாக இருந்தாலும் அதில் போட்டு எடுத்துப் பற்றவைத்துப் பார்ப்பார். மெழுகில் முக்கிய குச்சி, மெழுகுவர்த்தித் துண்டு, சைக்கிள் ட்யூபைக் கீறிய நாடா, வாசலின் தடவிய பஞ்சு, மரத்தூளும் மெழுகும் ஊற்றிய முட்டை அட்டை, தைலமரத்துப் பட்டை. எது எத்தனை நிமிஷம் எரிந்தது என்று ஒரு டைரியில் எழுதிவைப்பார். கற்பூரம் அவர் தேர்வில் தோற்றுப்போனது. "நல்லாத்தான் பத்துதுங்க. ஆனா ஆறு மாசம் டப்பால கெடந்துச்சுன்னா டப்பா மட்டுந்தான் இருக்குது" என்றார். கேஸ் லைட்டரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, சொடுக்கச் சொடுக்க அது செத்துக்கிடப்பதை எங்களுக்குக் காட்டினார். "ஜனவரி மாசம் மேல்மலைல இதுக்கும் இதே குளுருதானுங்களே."

அதே நேரத்தில் அவர் எங்களைத் தேவையில்லாமல் நெருப்பு மூட்ட விட்டதே இல்லை. கோடையில் யாராவது சுள்ளி பொறுக்கினால் கையைத் தட்டிவிடுவார். காட்டோரத்தில் பையைத் திறக்கவே மாட்டார். "இது வெளையாட்டுக்கு இல்லைங்க. ஆள் போயிரும்ங்கறப்ப எடுக்கறது" என்பார். பத்து தடவை கேட்டால் ஒரு தடவை, அதுவும் மழைக்காலத்தில், வெறும் பாறை மேல், கை அகலத்துக்கு மூட்டிக் காட்டுவார். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிக் கிளறி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக, வெளியே போகும்போது குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். குன்னூரில் இருந்துகொண்டு குடை எடுக்காமல் போகும் மனிதர் அவர். நனைந்து வந்து தும்முவார், நான் மிளகு ரசம் வைப்பேன். அப்படிப்பட்டவர், அண்ணன் வந்த மூன்றாவது மாதம், எங்கள் குளியலறை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். பக்கெட்டுக்குள் பஞ்சு உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"அண்ணன் சொன்னாரு. வாசலின் உள்ள வரைக்கும் எறங்கக் கூடாதாம். மேல மட்டும் தடவினாத்தான் நடுவுல பஞ்சு காய்ஞ்சு இருக்குமாம். நாலு விதமாப் பண்ணி ஊறப்போட்டிருக்கேன்."

"நான் என்னிக்காவது ஒண்ணு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அவர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு, "நீ காரணம் சொல்ல மாட்ட" என்றார்.

அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை. பஞ்சு எரிந்த நிமிஷங்களை போனில் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேரியும் அவர் பக்கம் போனாள். கூட்டத்தில் எப்போதும் என்னோடு நடப்பவள் அவள். ஆஸ்பத்திரிக் கதைகளை என்னிடம்தான் சொல்வாள். ஒரு தடவை ஒரு எஸ்டேட் ஓடையைத் தாண்டும்போது இடுப்பு வரை நனைந்துவிட்டாள். தூறல் விடவில்லை. பல் அடித்துக்கொண்டது. அவர் அவளைச் சாய்வான ஒரு பாறைக்கடியில் உட்காரவைத்து, சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மேரிக்காக எல்லோரும் தரையில் கிடந்த குச்சிகளைப் பொறுக்க ஓடினோம்.

"கீழ கெடக்கறத தொடாதீங்க. அது தண்ணி குடிச்சுட்டுப் படுத்திருக்குது. மரத்துலயே செத்து நிக்கறத ஒடிங்க" என்றார்.

சில்வர் ஓக் மரத்தில் காய்ந்து நின்ற கிளையை ஒடித்து, கத்தியால் பிளந்தார். வெளியே கறுப்பாக நனைந்திருந்த கிளைக்குள் வெள்ளையாக, பொரி மாதிரி உலர்ந்திருந்தது. அதைச் சீவினார். பஞ்சைப் பிரித்தார். ஒரே குச்சி. ஐந்து நிமிஷத்தில் மேரியின் கைகள் நெருப்பின் மேல் இருந்தன. எனக்கும் குளிர்தான். நான் கையை நீட்டவில்லை.

திரும்பி வரும்போது மேரி அவரோடு நடந்தாள். எல்லோருமே அவர் பின்னால் நடந்தார்கள். வழி தெரிந்தவள் நான், நான் கடைசியில் வந்தேன். ஒரு பிரிவில் அவர் நின்று, "லீடரம்மா எங்கீங்க, வழி அவங்களுக்குத்தான தெரியும்" என்று திரும்பிப் பார்த்தார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். கெட்ட மனதோடு கேட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் தீப்பொறிக் கம்பி ஒன்றைக் கண்டுபிடித்து வரவழைத்தேன். கறுப்பாக, விரல் நீளத்தில், ஆரஞ்சு நிறப் பிடியோடு. தண்ணீரில் போட்டு எடுத்தாலும் பொறி பறக்கும் என்று எழுதியிருந்தது. வந்ததும் சமையலறைத் தொட்டியருகே நின்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பழகினேன். தகட்டால் ஒரு இழுப்பு இழுத்தால் தீபாவளி மாதிரி கொட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாகப் பையிலிருந்து எடுத்தேன்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு இழுத்தார். பொறி பறந்தது. "அருமையான சாமானுங்க லீடரம்மா. இதுக்கு நனையறதுன்னா என்னன்னே தெரியாது. எனக்கு இது தோணலையே." பிறகு, திருப்பிக் கொடுக்கும்போது, "இனி அந்தப் பொறி எதுமேல உளுகோணும்ங்கறதுதான் பாக்கி" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

மறுவாரம் அவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். இருமல் மாத்திரை வரும் சின்னத் தகர டப்பா. உள்ளே நான்கு பஞ்சு உருண்டை, மெழுகுத் துண்டு, ட்யூப் நாடா, மெழுகில் முக்கிய குச்சிகள். மூடியைச் சுற்றி டேப். எனக்குக் கொடுக்கும்போது, "உங்க கம்பிக்குத் தோதா பஞ்சு ரெண்டு அதிகம் வெச்சிருக்கறனுங்க" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதை வரும்போது பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மறந்து அல்ல.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எந்த விதத்திலும் பெருமை இல்லாதது.

ஆடி மாதம். நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தேயிலை முடிந்து மேலே பழைய சின்கோனா மரங்களைத் தாண்டி, புல்மேடு வரை போக எனக்கு அனுமதி கிடைத்தது. நெடுநாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த வழி. ஞாயிறு என்று முதலில் சொல்லியிருந்தேன். எஸ்டேட் ஆபீஸில் சனிக்கிழமை வந்தால் நல்லது என்றார்கள். எல்லோருக்கும் போன் செய்து மாற்றினேன். அவருக்குச் செய்யவில்லை. அந்த ஒரு நாளாவது எல்லோரும் என் பின்னால் நடக்க வேண்டும் என்று இருந்தது.

"அண்ணன் வர்றாரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"உடம்பு சரியில்லைன்னாரு."

நாங்கள் நால்வர்தான் போனோம். நான், வீட்டுக்காரர், மேரி, சாதிக் பாய். காலையில் வெளிச்சமாகவே இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது பைக்காரா பக்கமிருந்து மேகம் எழுந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியது. பிறகு மழை. காற்றோடு, பக்கவாட்டில் அடிக்கிற மழை. இறங்கிவிடலாம் என்று நான்தான் வேகப்படுத்தினேன். சின்கோனா மரங்களுக்குக் கீழே, தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது சாதிக் பாய் வழுக்கி உள்ளே விழுந்தார். கணுக்கால் திரும்பிக்கொண்டு நின்றது. எலும்பு முறிவு என்று மேரி தொட்டதுமே சொன்னாள்.

போனில் சிக்னல் இல்லை. ஒரு பாறை முன்னால் நீண்டிருந்த இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனோம். மூன்று பேர் குனிந்து உட்காரலாம். ஆள் கூட்டி வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கீழே ஓடினார். ஓடுகிற அவசரத்தில் பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அண்ணன் கொடுத்த டப்பா அதில் இருந்தது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் வெளிச்சம் இல்லை. சாதிக் பாய்க்கு அறுபது வயது. கானில் விழுந்ததில் உடம்பில் உலர்ந்த நூல் ஒன்று இல்லை. என் குடையை ஒடித்து மேரி காலுக்குக் கட்டுப் போட்டாள். அவருடைய ஈரச் சட்டையை உருவிவிட்டு என் ஸ்வெட்டரைப் போட்டோம். அதுவும் பாதி ஈரம். நடுங்கினார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் பாறையில் மோதிக் கேட்டது.

"நெருப்புப் போடணும்க்கா. என் பையில அண்ணன் குடுத்த டப்பா இருக்கு, எடுங்க" என்றாள் மேரி. அவள் இரண்டு கைகளாலும் அவரை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இருக்கட்டும். என்கிட்ட கம்பி இருக்கு" என்றேன்.

நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு மனிதர் அந்தப் பாறைக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அப்படிச் சொன்னேன்.

மரத்துப் பட்டையை உரித்துக் குவித்தேன். கம்பியை இழுத்தேன். பொறி கொட்டியது. பட்டையில் விழுந்து, சொய்யென்ற சத்தம்கூட இல்லாமல் அணைந்தது. மறுபடி இழுத்தேன். கைக்குட்டையின் உலர்ந்த மூலையைக் கிழித்துப் போட்டேன். அது உலர்ந்த மூலை என்று நான் நினைத்துக்கொண்டதுதான். விரல் மரத்து, தகடு வழுக்கி, கட்டைவிரல் தோல் உரிந்தது. எத்தனை தடவை இழுத்தேன் என்று தெரியாது. பத்து நிமிஷம் போயிருக்கும்.

நடுக்கம் நின்றது. பாறையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. சாதிக் பாய் கண்ணைத் திறந்து, "மேரிம்மா, கடைல ஷட்டர் தூக்கியாச்சா? ஆவன்ல பன்னு இருக்கு" என்றார். குழறலாக.

"குளிர் விட்டுருச்சு போல" என்றேன்.

மேரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "நடுக்கம் நின்னா நல்லதுன்னு நெனைக்காதீங்க. உடம்பு கைய விடுது. டப்பாவ எடுங்க."

எடுத்தேன். டேப்பைப் பல்லால் கிழித்தேன். என் கை அதற்குப் பிறகு செய்ததெல்லாம் என்னுடையது அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சொல்லச் சொல்ல, கேட்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் நின்றேனே, அதெல்லாம் வார்த்தை தப்பாமல் வந்தது. பஞ்ச பிரிங்க, கோழி எறகாட்டம். கீழ ஒரு கல்லப் போடுங்க, ஈரத் தரைல வெக்காதீங்க. காத்துக்கு முதுகக் காட்டி உக்காருங்க. சில்வர் ஓக் அங்கே இல்லை. பாறையை ஒட்டி, பட்டுப்போய் நின்ற ஒரு சின்கோனாவின் கிளையை ஒடித்து, பழம் நறுக்கும் கத்தியால் பிளந்து, உள்வெள்ளையைச் சீவினேன். பஞ்சு மேல் கம்பியை வைத்து இழுத்தேன். மூன்றாவது பொறி நின்றது. மஞ்சளாக, சோளப் பூ அளவுக்கு.

அவசரப்பட்டு குச்சியப் போட்டு அமுக்காதீங்க, அது மூச்சு விடோணும்.

ட்யூப் நாடாவைக் காட்டினேன். கறுப்புப் புகையோடு பிடித்தது. சீவல், பிறகு சுள்ளி, பிறகு விரல் தடிமன். கால் மணி நேரத்தில் அது நெருப்பு என்று சொல்லும்படி இருந்தது. சாதிக் பாயின் முதுகை மேரி தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி நடுங்க ஆரம்பித்தார். அந்த நடுக்கத்தைப் பார்த்து மேரி அழுதாள்.

வீட்டுக்காரர் எஸ்டேட் ஆட்கள் நான்கு பேரோடும் ஒரு கம்பளியோடும் வரும்போது மணி ஐந்தாகியிருந்தது. மூடுபனியில் இடம் தெரியாமல் திணறியவர்கள், சிவப்பாகத் தெரிந்ததை வைத்துத்தான் வந்தோம் என்றார்கள்.

ஊட்டி ஆஸ்பத்திரியில், "லீடரம்மாதான் நெருப்பு மூட்டுனாங்க, இல்லைன்னா பாய் இல்லை" என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொன்னார். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவர் என்னைப் பற்றி மூன்றாவது மனிதரிடம் பேசுவதைக் கேட்டேன். மேரி என் பக்கம் பார்க்கவில்லை. சாதிக் பாயின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முழுக்க நனைந்திருந்தார். முதுகில் பை.

"ஆறரைல இருந்து பஸ் ஸ்டாண்டுல நின்னனுங்க. யாரையும் காணோம். போன் பண்ணா யாரும் எடுக்கல. என்னமோ ஏதோன்னு பயந்துபோய் வந்தேன்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். "உடம்பு எப்படி இருக்குதுங்கண்ணா?"

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறேன்."

வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். துண்டு எடுத்துவர உள்ளே போனார்.

நடந்ததை நான் சொன்னேன். சாதிக் பாய்க்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அவர் உட்கார்ந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். பஞ்சு நனைந்திருந்ததா? எத்தனையாவது பொறி? கல் போட்டீர்களா? எந்தக் கிளை? டைரியை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. மடியிலேயே வைத்திருந்தார். முடித்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க. அந்தப் பொறி நின்ன எடத்துல இருந்து" என்றார். மறுபடி சொன்னேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கண் என் கைகளையே பார்த்தது, உரிந்த கட்டைவிரலையே பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. இரண்டு வருஷமாக ஞாயிறு மாலைகளில் தலை வாரும்போது கண்ணாடியில் நான் பார்த்துவந்ததுதான்.

"ஆயிரம் தடவ பத்த வெச்சிருக்கறனுங்க லீடரம்மா" என்றார் கடைசியில். "எல்லாம் பக்கெட்டுல இருந்து எடுத்து. மேரிக்கு மூட்டுனது கூட குளுர் காய. ஒரு உசுருக்குன்னு ஒருக்கா கூட இல்லீங்க."

அவர் கிளம்பியபோது பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். மழை விட்டிருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சனிக்கிழமைன்னு உங்களுக்கு நான்தான் சொல்லலைங்க. மறக்கல. வேணும்னேதான்."

"தெரியுமுங்க. உங்க ஊட்டுக்காரரு ஒடம்பு எப்படின்னு கேட்டப்பவே தெரிஞ்சுது."

"இன்னொண்ணும் இருக்குதுங்க." மேரி சொன்னதையும், நான் மறுத்ததையும், அந்தப் பத்து நிமிஷத்தையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அவர் நடப்பதை நிறுத்தினார். என் மேல் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரல் உயரவில்லை.

"எனக்குச் சொல்லாம போனது பெரிசில்லைங்க. நான் உங்க எடத்துல இருந்திருந்தா எனக்கும் சொல்லத் தோணியிருக்காது. ஆனா அந்தப் பத்து நிமிசம் பாயோடதுங்க. அது உங்களதுமில்ல, என்னதுமில்ல."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எப்போதும் போல நடந்தார். அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த வாரம் நான் சாதிக் பாயைப் பார்க்கப் போய், கட்டிலருகில் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிஷத்தை அவரிடமும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் நெனவில்லம்மா. பன்னு கருகுற மாதிரி ஒரு கனா, அவ்ளோதான்" என்றார். மன்னித்தார் என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் எங்களோடு நடந்தார். அவர் என்னிடம் கோபமாகவே இருந்திருந்தால் பொறாமை போயிருக்குமோ என்னவோ. அவர் அப்படி இருக்கவில்லை, அதனால் அதுவும் போகவில்லை. வீட்டுக்காரர் என்னைவிட அவரிடம் அதிகம் பேசினார், மேரி அவரோடுதான் நடந்தாள். நான் முன்னால் நடந்து வழி காட்டினேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்ன சொல்லியிருப்பார் என்று காது அங்கேயே நிற்கும்.

முழங்கால் வலி அதிகமாகி அவர் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஞாயிறு காலைகளில் வீட்டுக்காரர் அவருக்கு போன் செய்வார். போன மாதம் நானும் வாங்கிப் பேசினேன்.

"அங்க எப்படி இருக்குதுங்க?"

"இந்த ஊர்ல எல்லாமே காய்ஞ்சு கெடக்குதுங்க லீடரம்மா. எத உரசுனாலும் பத்திக்குது. சொவாரஸ்யமே இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "பக்கத்துப் பார்க்குல காலைல நடக்கறவங்க ஒரு இருபது பேரு இருக்கறாங்க. என்னைய லீடரா இருக்கச் சொல்லி ஒரே தொல்லை. சரின்னுட்டேன்" என்றார்.

நல்லதுங்க என்று சொல்லி போனை வைத்தேன். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த இருபது பேர் யாரென்று எனக்குத் தெரியாது. மழையே இல்லாத ஊரில், ஒன்றுக்குமே தேவையில்லாமல், தினமும் காலையில் அவர் அவர்களோடு நடக்கிறார்.